விவரம்

ஒற்றைச் சௌசௌக்காய், பதினெட்டாயிரம்.
ஒரு தரம். ரெண்டு தரம்.
மூன்றாம் தரத்துக்குள் ஏற்காட்டுப் பனி
வாசல் வழியாக நுழைந்து
கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது.
ஏலம் எடுத்தவர் அஸ்தம்பட்டி ஜெபசீலன், மனை வணிகர்.
காயை அவர் தொடவில்லை, டிரைவர் வாங்கிக்கொண்டார்.
சபை கைதட்டியது. நானும் தட்டினேன்,
பேனாவைக் காதில் செருகிவிட்டு.

அறுப்பின் பண்டிகையில் ரசீது போடுகிறவன் நான்.
பதினொரு வருஷம்.
மலைவாழைத் தார், ஒரு படி மிளகு,
யாரோ கொடுத்து யாருமே கேட்காத சுவர்க்கடிகாரம்,
எல்லாம் என் கையெழுத்தில் பணமாகி
இரும்புப் பெட்டிக்குள் போகும்.
கூரைக்கு என்பார்கள்.
கூரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.
சொட்டுக்கு ஒரு பக்கெட் வாங்கினோம்,
அதற்கு வவுச்சர் இருக்கிறது.

கோயிலுக்குப் பின்னால் சரிவில் நாலேகால் ஏக்கர்.
தோட்டத்துரை ஒருவர் சாகுமுன் எழுதிவைத்தது.
'ஏழைகள் உபயோகத்துக்கு' என்று பத்திரத்தில் இருக்கிறது.
இருந்தது என்று சொல்லச் சொல்கிறார் பொருளாளர்.
அதில் எட்டு வீடு, தகரக் கூரை,
சர்ச் லைன் என்று பெயர்.
போன மாதக் கமிட்டியில் தீர்மானம் ஏழு:
ஜெபசீலனுக்குத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை, ரிசார்ட்.
ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடிந்தது.
'வீடுகள்' என்று எழுதியிருந்தேன்.
'ஆக்கிரமிப்புகள்'னு மாத்துங்க, என்றார்கள்.
மாற்றினேன். அடித்தல் தெரியாமல்.

நாலாம் வீட்டுக் கிருபாவதி
வக்கீலைப் பார்க்கச் சேலத்துக்குப் போனாளாம்,
முதல் பஸ்ஸில், இருபது வளைவுக்கும்
மஞ்சப்பையை மடியிலிருந்து இறக்காமல்.
பட்டா இல்லை. வரி கட்டிய சீட்டு இல்லை.
கரண்ட் பில் கோயில் பெயரில்.
பையில் இருந்ததெல்லாம் காணிக்கை ரசீது,
இருபத்தாறு வருஷத்தது.
அஞ்சு ரூபாய். பத்து ரூபாய். பிள்ளைக்கு ஞானஸ்நானம்.
புருஷனுக்குக் குழிக்கட்டணம்.
ஒவ்வொன்றிலும் முகவரி: 4, சர்ச் லைன்.
பாதிக்குக் கொஞ்சம் குறைவாக என் கையெழுத்து.
மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு வக்கீல் சொன்னாராம்:
"வாடகைகூட இவ்வளவு ஒழுங்கா யாரும் குடுக்கறதில்லையேம்மா."

அந்தப் பேச்சு மலையேற ஒரு நாள்கூட ஆகவில்லை.

இந்த வருஷம் புது ரசீதுப் புத்தகம்,
செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் அடித்தது, வழவழப்பான தாள்.
பெயர் உண்டு. தொகை உண்டு. விவரம் உண்டு.
முகவரிக்குக் கட்டம் இல்லை.
"எடம் மிச்சம்" என்றார் பொருளாளர்,
சபைப் பள்ளியில் என் மகனுக்குச் சீட்டு வாங்கித் தந்தவர்.
அதையும் சொல்லிவிடுகிறேன்,
கணக்கென்றால் வரவும் எழுத வேண்டும்.

இன்றைக்கு அவள் கொண்டுவந்தது ஒரு சேவல்.
காலைக் கட்டியிருந்தாள், வாயைக் கட்டவில்லை.
ஆயர் ஆசீர்வாதம் சொல்லச் சொல்லக் கூவியது.
சிரித்தார்கள்.
அறுநூற்றைம்பதுக்குப் போனது.
யார் எடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.
வரிசை கரையும்வரை தூணோரம் நின்றவள்
"எனக்கொரு சீட்டு" என்றாள்.
"எடுத்தவங்களுக்குத்தான் ரசீது. குடுத்தவங்களுக்கு இல்லம்மா."
"தெரியும்" என்றாள்.
போகவில்லை.

பொருளாளர் எச்சில் தொட்டு நோட்டெண்ணிக்கொண்டிருந்தார்.
பனி அவர் மேசைவரை வந்திருந்தது.

பெயர்: கிருபாவதி.
தொகை: ஒரு கோடு.
விவரம்: சர்ச் லைன், நாலாம் எண் வீட்டில்
குஞ்சிலிருந்து வளர்ந்த சேவல் ஒன்று.

கார்பன் தாளை உருவிவிடலாமா என்று
கை ஒரு தடவை போனது.
திங்கட்கிழமை தணிக்கை.
பேனாவை மாற்றிப் பிடித்து,
கையெழுத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திப் போட்டேன்.